கொழும்பு பக்கம், சென்னை தூரம்

சங்கரன்கோவிலிலிருந்து வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் வரும். கொழும்புக்கு 350ஐ ஒட்டித்தான். அதிலும் முக்கால்வாசி மன்னார் வளைகுடாத் தண்ணீர். மத்திய அலைக்கு உப்புத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம். தரைமேல் வந்தால் தேய்ந்துபோகிற அலை கடல்மேல் அவ்வளவாகத் தேயாமல் வந்துசேரும். சென்னை வானொலி எங்களுக்குப் பகலில் இரைச்சல், ராத்திரியில் முனகல். கொழும்பு மட்டும் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கும். 1970களில் எங்கள் தெருவில் ‘ரேடியோவை வை’ என்றால் ‘சிலோனை வை’ என்றுதான் அர்த்தம்.

நான் கனடாவுக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இடையில் வந்ததெல்லாம் சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். தலையைக் காட்டிவிட்டு மதுரையில் விமானம் பிடிக்க ஓடுவேன். எந்தக் காரியமும் இல்லாமல் ஊரை மட்டும் பார்க்க வந்தது இந்தத் தடவைதான். பொதிகை ரயிலில் விடியற்காலம் வந்து இறங்கினால், கடைப் பலகைகளில் தென்காசி மாவட்டம் என்று எழுதியிருக்கிறது. 2019இல் மாவட்டம் பிரிந்ததைச் செய்தியில் படித்திருந்தேன். இருந்தாலும் திருநெல்வேலி மாவட்டம் என்றே எழுதிப் பழகிய கைக்கு அது யாரோ ஒருவருடைய விலாசமாகத்தான் பட்டது. மற்றபடி பூ மார்க்கெட்டில் அதே ஏலக் கூச்சல். விசைத்தறிச் சத்தம் அதே தெருக்களில். கோமதி அம்மன் சன்னதியில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பிரியாணிக் கடையில் பதினொன்றரைக்கே கூட்டம்.

ரேடியோ ரிப்பேர்க்கார அண்ணாச்சியின் கடை இன்னும் இருக்கிறது என்று தங்கச்சி மகன் சொன்னபோது நம்பவில்லை. போனேன். மெயின் ரோட்டை ஒட்டிய சந்தில், எட்டுக்குப் பத்து கடை. மேஜைமேல் மிக்சி, மின்விசிறி மோட்டார், யாரோ கொடுத்துவிட்டு வாங்காமல் போன டி.வி. ரிமோட்டுகள். எண்பதைத் தொடுகிற வயதில் அண்ணாச்சி சால்டரிங் இரும்பைப் பிடித்திருந்தார், கை நடுங்கவில்லை. “யாரு... டிரான்சிஸ்டர் தூக்கிட்டு வருவீயளே, வாத்தியார் மவனா? கனடாவுலல்லா இருக்கீய?” என்றார்.

மேல் தட்டில் ஒரு மர்பி வால்வு ரேடியோ. டயல் கண்ணாடியில் ஒரு இடத்தில் சிவப்புப் புள்ளி, நகப்பூச்சால் வைத்தது. அது அவருடைய கைவேலை. ரிப்பேருக்கு வந்த எந்த ரேடியோவையும் சிலோன் ஸ்டேஷனில் புள்ளி வைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார். எழுத்துத் தெரியாத ஆச்சிமார்கூட முள்ளைப் புள்ளியில் நிறுத்திப் பாட்டுக் கேட்டுவிடுவார்கள். டயல் நூல் அறுந்து மாற்றும்போது புள்ளி கொஞ்சம் தள்ளிப்போய்விடும். அதற்குச் சண்டைக்கு வந்தவர்கள் உண்டாம். “ஆல் இண்டியா ரேடியோவுக்கு யாராவது புள்ளி வைக்கச் சொன்னாங்களா அண்ணாச்சி?” என்று கேட்டேன். “வயலும் வாழ்வும் கேக்கவன் ஒருத்தன் சொன்னான். பச்சைப் புள்ளி வச்சேன்” என்றார்.

அந்தச் சிவப்புப் புள்ளிக்குக் காரணம் டெல்லியில் இருக்கிறது. 1952இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்கு இடம் சுருங்கியது, சாஸ்திரிய சங்கீதம் பெருகியது. நாட்டு ஜனங்கள் அமைச்சர் சொல்படி திருந்தவில்லை, ஸ்டேஷனை மாற்றிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகளுக்கு ஒலிபரப்ப பிரிட்டிஷார் கொழும்புக்கு அருகே ஏக்கலவில் நிறுவிய பெரிய டிரான்ஸ்மிட்டர் போருக்குப் பிறகு ரேடியோ சிலோன் கைக்கு வந்திருந்தது. 1950இல் வர்த்தக சேவையும் தொடங்கியாயிற்று. வடக்கே அமீன் சயானியின் பினாகா கீத்மாலா, தெற்கே தமிழ்ச் சேவை. டெல்லி விழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்கியது 1957இல். அதில் விளம்பரம் வந்தது 1967இல்தான். அதற்குள் இந்தியக் கம்பெனிகளின் விளம்பரப் பணம் கொழும்புக்குப் பழகிவிட்டது. சண்டைக்காக வாங்கிய மெஷினும் ஒரு மந்திரியின் பிடிவாதமும் சேர்ந்து எங்களுக்குப் பாட்டுக் கொடுத்தன. கேஸ்கரைத் திட்டுவது வழக்கம். நான் நன்றி சொல்கிற ஆள். அவர் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால் எங்களுக்கு அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவைத் தெரிந்தே இருக்காது.

எஸ். பி. மயில்வாகனம் என் அப்பா காலத்துக் குரல். எனக்குக் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம், விசாலாட்சி ஹமீத், சில்வஸ்டர் பாலசுப்பிரமணியம். ராஜா பேசினால் மூச்சு எங்கே விடுகிறார் என்று தேட வேண்டும். அவ்வளவு வேகத்திலும் ஒரு லகரம் ழகரம் வழுக்காது. ஹமீத் ஒரு படத்தின் பெயரைச் சொன்னாலே இசையமைப்பாளர், கவிஞர், பாடியவர் எல்லாரும் வரிசையாக வருவார்கள். மருதகாசி எழுதியது எது, கு. மா. பாலசுப்பிரமணியம் எழுதியது எது என்று எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்குத் தெரிந்திருந்ததென்றால் அது இவர்கள் போட்ட பிச்சை. இசைத்தட்டு உறையில் பொடி எழுத்தில் இருந்ததை அவர்கள் ஒரு தடவையும் விடாமல் வாசித்தார்கள், அவ்வளவுதான் விஷயம். இன்றைக்கு எப்.எம்.மில் பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த விளம்பரம் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. எழுதியவன் யாரென்று கேட்டால் தொகுப்பாளருக்கே தெரியுமோ என்னவோ.

காலையில் பொங்கும் பூம்புனல் என்றால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப நேரமாச்சு. பிறந்தநாள் வாழ்த்து வரும்போது ஊரே அடங்கும். பிள்ளையின் பெயர், பிறகு அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, மாமா, சித்தி என்று முழுப் பட்டியலும் வாசிப்பார்கள். நேயர் விருப்பத்தில் கழுகுமலை, புளியங்குடி, கோவில்பட்டி, சங்கரன்கோவில் என்று கொழும்பிலிருக்கிற ஒரு பெண்குரல் சொல்லும்போது எங்கள் ஊர் ஏதோ பெரிய ஊர் போலிருக்கும். இந்திக்காரர்களுக்கு ஜும்ரி தலையா என்று ஓர் ஊர் உண்டு. இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் அப்பிரகச் சுரங்க ஊர். பாட்டுக் கேட்டுக் கார்டு போட்டுப் போட்டே நாடறிந்தது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு ஊரைத் தனியாகச் சொல்ல முடியாது. எல்லா ஊருமே ஜும்ரி தலையாதான்.

இலங்கையின் துள்ளிசைப் பாட்டுகளும் இந்த வழியாகத்தான் வந்து இறங்கின. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன். மனோகரனின் சுராங்கனி எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கிக் குழாயில் ஓடியது. பாதி வரிகள் சிங்களம். ஒருத்தருக்கும் அர்த்தம் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. 1977இல் இளையராஜா அதை ஒரு படத்தில் எடுத்துக்கொண்ட பிறகு நாங்கள் அதை உள்ளூர்ப் பாட்டாகவே ஆக்கிக்கொண்டோம்.

பேட்டரி சமாசாரம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. எங்கள் வீட்டு டிரான்சிஸ்டருக்கு நாலு எவரெடி. குரல் கம்மினால் கழற்றி ஓட்டின்மேல் வெயிலில் வைப்போம். ஒரு மணி நேரம் காய்ந்தால் இரண்டு நாள் பாடும். மறுபடி காய வைத்தால் அரை நாள். மூன்றாவது தடவை சாறு ஒழுகி ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். பிறகு அண்ணாச்சி கடை, உப்புத்தாள், திட்டு.

சாயங்காலம் டீக்கடையில் என் வயதுக்காரர்கள் கூடிவிட்டார்கள். பேச்சு இரண்டு நிமிஷத்தில் சிலோனுக்குப் போயிற்று. இசையும் கதையும் எத்தனை மணிக்கு, பாட்டுக்குப் பாட்டு ஞாயிற்றுக்கிழமையா சனிக்கிழமையா, ராஜாவா ஹமீதா என்று குரல் உயர்ந்தது. ஒருவர் ராஜா மாதிரியே பேசிக் காட்டினார், அச்சு அசல். பிறகு எல்லாம் எப்படிப் போயிற்று என்ற கேள்வி வந்தது. டி.வி. வந்தது, துபாய்க்காரர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான் என்று தீர்ப்பாயிற்று. உண்மைதான். ஆனால் 1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்கள்மேல் நடந்த கலவரத்தைப் பற்றி அந்த மேஜையில் ஒருவரும் சொல்லவில்லை. ராஜாவை மாதிரி பேசிக் காட்டியவருக்கு, ராஜா பின்னாளில் கொழும்பில் கொல்லப்பட்டது தெரியாது. “அப்படியா? யார் செஞ்சா? பாவம்” என்றார். உடனே இன்னொருவர், “ஹமீது நல்லாருக்காருல்லா, சன் டி.வி.யில வந்தாரே” என்று பேச்சைத் திருப்பினார்.

எங்கள் பொற்காலம் இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்த அறிவிப்பாளர்கள் எங்கள் தாத்தா பாட்டி பெயர் முதல் தெருப் பெயர் வரை வாசித்தார்கள். அவர்கள் எந்த ஊர், எந்தத் தெருவிலிருந்து ஸ்டூடியோவுக்கு வருகிறார்கள், கலவரத்தன்று எந்த வழியாக வீட்டுக்குப் போனார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. குரல் மட்டும் வந்தால் போதுமாயிருந்தது. ஊர்ப்பாசம் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசினால்தான் கணக்கு நேராகும் என்பது என் கட்சி.

ராத்திரி மொட்டைமாடியில் கையடக்க ரேடியோவைத் திருகிப் பார்த்தேன். மத்திய அலை முழுக்க ஒரே கொர்ர். தங்கச்சி மகன்தான் கண்டுபிடித்தான்: மாடிப்படி எல்.இ.டி. பல்பை அணைத்தால் பாதி குறைந்தது, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் நின்றபோது மீதியும் குறைந்தது. திருநெல்வேலி நிலையம் தெளிவாக வந்தது. 1963இல் தொடங்கிய நிலையம். அன்று நாங்கள் மதிக்காதது. வாய்ப்பாட்டுக் கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. கேட்கும்படியாகவே இருந்தது, கேஸ்கர் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மறுநாள் அண்ணாச்சி கடைக்கு மறுபடி போனேன். “கனடாவுல சிலோன்காரங்க நெறைய உண்டாமே, அவங்க பழைய பாட்டெல்லாம் கேப்பாங்களா?” என்று அவரே கேட்டார். டீக்கடையில் யாரும் கேட்காத கேள்வி. ஸ்கார்பரோவில் என் பக்கத்து வீட்டுக்காரர் யாழ்ப்பாணம். சிலோன் ரேடியோ பற்றி நான் ஆவலாக ஆரம்பித்த அன்றைக்கு அவர் சிரித்துவிட்டு, “நாங்கள் உங்கட திருச்சியையும் தூத்துக்குடியையும் எல்லோ கேட்டனாங்கள்” என்றார். கடலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் அவர்கள் ஸ்டேஷனில், அந்தப் பக்கம் அவர்கள் எங்கள் ஸ்டேஷனில்.

அவர் சொன்ன இன்னொன்றையும் அண்ணாச்சியிடம் சொன்னேன். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் கிடையாது. பொருளாதாரத் தடையில் பேட்டரியும் தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார்களாம். முதலில் பி.பி.சி. தமிழோசைச் செய்தி. கை வலிக்காமல் இருந்தால் அதற்குப் பிறகு பாட்டு. சுற்றுகிறவன் களைத்தால் குரல் கம்மும், திட்டினால் மறுபடி ஏறும். சுற்றுகிற முறை பெரும்பாலும் வீட்டில் இளைய பையனுக்கு.

அண்ணாச்சி சால்டரிங் இரும்பைத் தாங்கியில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“டைனமோ ஏ.சி.யில்லா தம்பி? அப்படியே குடுத்தா செட்டு இரையும், எரிஞ்சும் போயிரும். நாலு டையோடு போட்டுப் பிரிட்ஜ் கட்டியிருப்பாவளோ? ஒரு ஆயிரம் மைக்ரோ கண்டென்சர் குறுக்க போட்டா இரைச்சல் அடங்கும். டையோடு அங்க கெடைச்சுதாமா?”

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

“போன்ல கேளுங்க. இப்ப அங்க மணி என்ன?”

கணக்குப் பார்த்தேன். ராத்திரி பன்னிரண்டரை. காலையில்தான் கேட்க முடியும் என்றேன்.

“செத்த டி.வி. போர்டுல இருந்து கழத்தியிருப்பாவ” என்று மேஜை டிராயரைத் திறந்து, தானே கழற்றி வைத்திருந்த டையோடுகளைத் துழாவ ஆரம்பித்தார். “நம்மகிட்டயும் பழைய டைனமோ ஒண்ணு கெடக்கு. நாளைக்கு வாங்க, போட்டுப் பாப்போம்.”