கூரையில விழுது... டி.வி-யில வரலை!

உங்க மொட்டை மாடி டிஷ்ஷை ஒரு தடவை எட்டிப் பாருங்க. நீங்க கன்னியாகுமரியா இருந்தாலும் சரி, கும்மிடிப்பூண்டியா இருந்தாலும் சரி... காசு கட்டினா அதே சேனல்தான். "உங்க அட்ரஸுக்கு இந்தச் சேனல் கிடையாது"ன்னு யாரும் சொல்றதில்லை. ஆனா, அமெரிக்காவுல அதுக்குன்னே ஒரு சட்டம் இருக்கு!

எனக்கு இதைச் சொன்னது என் அக்கா. மாமா அங்கே நெப்ராஸ்கா மாநிலத்தோட மேற்கு ஓரத்துல ஒரு சின்ன ஊர்ல டாக்டர். பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி. ஆன்டெனா வெச்சா வெறும் புள்ளி புள்ளியாத்தான் வருமாம். அதனால வருஷக்கணக்கா டிஷ் வழியா நியூயார்க் சேனல்தான் பார்த்திருக்காங்க. "டேய், மன்ஹாட்டன்ல எந்தப் பாலத்துல டிராஃபிக் ஜாம்னு அவங்களுக்குத் தெரியுமாம். தன்னோட தெருவுல நாளைக்குப் பனி கொட்டுமான்னு தெரியாதாம்!"னு அக்கா சிரிச்சா. 2020-ல அந்த நியூயார்க்கும் கட். அதே டிஷ், அதே சாட்டிலைட். அப்புறம் ஏன்?

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் சும்மா இருப்பானா? தோண்ட ஆரம்பிச்சேன்.

நம்ம ஊர் மாதிரி அங்கே ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி. எல்லாம் நாடு முழுக்க ஒரே சேனல் கிடையாது. ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு உள்ளூர் ஸ்டேஷன். ராத்திரி சீரியல் நெட்வொர்க்கோடது. உள்ளூர் நியூஸும், உள்ளூர்க் கடை விளம்பரமும் ஸ்டேஷனோடது. எல்லாரும் டிஷ் போட்டு நியூயார்க் ஸ்டேஷனைப் பார்த்தா, உள்ளூர் ஸ்டேஷன் விளம்பரத்தை யார் பார்ப்பா? கடையை மூட வேண்டியதுதான்.

அதனால 1988-ல ஒரு சட்டம் போட்டாங்க. கூரை ஆன்டெனாவுல உள்ளூர் சிக்னல் போதுமான அளவு கிடைக்காத வீடுகளுக்கு மட்டும் வெளியூர் சேனல் தரலாம். மத்தவங்களுக்கு நோ! வேணும்னா உள்ளூர் ஸ்டேஷன்கிட்டயே, "நான் உங்க சேனலுக்குப் பதிலா வெளியூர்ச் சேனல் பார்த்துக்கறேன்"னு அனுமதி கேட்கணும். ஹாஸ்டல் வார்டன்கிட்டயே போய் ஹோட்டல்ல சாப்பிட பர்மிஷன் கேட்கிற மாதிரி!

1999-ல உள்ளூர் ஸ்டேஷன்களையே டிஷ் வழியா அந்தந்த ஊருக்குத் தர அனுமதி வந்துச்சு. தகுதியில்லாத வீடுகளுக்கும் வெளியூர் சேனல் கொடுத்த வழக்குல, 2006 டிசம்பர்ல கோர்ட் உத்தரவால டிஷ் நெட்வொர்க் அந்தச் சேவையையே நிறுத்த வேண்டியதாச்சு. 2019-ல வந்த சட்டம் இன்னும் இறுக்கம். நாட்டுல இருக்கிற 210 டி.வி. சந்தைகளுக்கும் உள்ளூர் சேனல் தர்ற நிறுவனம்தான் வெளியூர் சேனல் தரலாம். அதுவும் லாரி, வீடு மாதிரி வசதியுள்ள பயண வண்டி, ஏதாவது ஒரு நெட்வொர்க்குக்கு உள்ளூர் ஸ்டேஷனே இல்லாத ஏரியா... இவங்களுக்கு மட்டும். பாட்டியோட நிறுவனம் அவங்க ஏரியாவுக்கு உள்ளூர் சேனலே தரலை. அதனால அவங்களுக்கு வெளியூரும் போச்சு, உள்ளூரும் இல்லை!

இதுல எனக்கு மண்டை காய்ஞ்சது எங்கே தெரியுமா? வெளியூர் சேனலைச் சுமக்கிற அந்த அலைவரிசை நாடு முழுக்கத்தான் கொட்டுது. பாட்டி கூரையிலயும்தான். செட்டாப் பாக்ஸுக்குள்ள இருக்கிற ஸ்மார்ட் கார்டுல அனுமதி இல்லை, அவ்வளவுதான். சிலர் பில் அட்ரஸை வேற ஊருக்கு மாத்திப் பார்த்தாங்க. உள்ளூர் சேனல்களைக் குறுகிய ஒளிக்கற்றை மாதிரி, ஒரு வட்டாரத்துக்குள்ள மட்டும் விழற மாதிரி அனுப்புறதால, தூரத்து ஊர்ல அது எடுபடலை.

நம்ம சாட்டிலைட் கம்யூனிகேஷன் புத்தகத்துல ஃபுட்பிரின்ட் மேப்னு வட்ட வட்டமா வரைஞ்சிருக்கும். எந்த ஊர்ல எத்தனை டெசிபல்னு கணக்குப் போட்டு மார்க் வாங்கிடலாம். ஆனா அதுக்கு மேல இன்னொரு மேப் இருக்கு. அதைச் சட்டம் வரையுது. அது எந்த யூனிட்லயும் வராது.

சரி, பாட்டிக்கு என்னாச்சு? உள்ளூர் சேனல் தர்ற வேற டிஷ்ஷுக்கு மாறிட்டாங்க. போன குளிர்காலத்துல பனிப்புயல் வருதுன்னு முதல்ல வந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டினதே அவங்கதானாம். ஆனா, இன்னமும் அந்த நியூயார்க் நியூஸ் ரீடரைப் பத்திக் குறைபட்டுக்கறாங்களாம்: "இத்தனை வருஷம் தினமும் வீட்டுக்கு வந்த ஆளு. சொல்லிக்காமப் போயிட்டாரு!"

உள்ளூர் ஸ்டேஷன் பிழைக்கணும், ஒத்துக்கறேன். அந்தப் பனிப்புயல் எச்சரிக்கை நியூயார்க்லேர்ந்து வந்திருக்காது. ஆனா, எதைப் பார்க்கணும்னு பாட்டியை யாராவது கேட்டாங்களா? நீங்க சொல்லுங்க பாஸ்... நீங்க அந்தச் சட்டம் எழுதற இடத்துல இருந்தா, பாட்டி ரிமோட்ல எந்த பட்டனை விட்டு வெச்சிருப்பீங்க?