ஒரு வீட்டுப் புத்தகங்கள்

பழைய புத்தகத்தை முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். ஈரம் பட்ட தாளுக்கு ஒரு வாடை, செல்லரித்ததற்கு மண் வாடை, வசம்பு போட்டுக் காத்த அலமாரிக்கு வேறொரு வாடை. அப்புறம் பாரம் எண்ணுவேன். பதினாறு பக்கம் ஒரு பாரம். நடுவில் ஒன்று விட்டுப்போயிருந்தால் புத்தகம் எவ்வளவு அரிதானாலும் விலை விழுந்துவிடும். சிற்ப நூல், ஓவிய நூல் என்றால் கடைசியில் உள்ள படத்தாள்களைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். சட்டம் போட்டு மாட்டுவதற்காக யாராவது பிளேடால் அறுத்து எடுத்திருப்பார்கள்.

கும்பகோணத்தில் 28 வருடமாகப் பழைய புத்தகம் வாங்கி விற்கிறேன். மேலே சொன்னதெல்லாம் சில மாதத்தில் கைக்குப் பழகிவிடும். ஒரு வீட்டுப் புத்தகங்களை மொத்தமாகப் பார்க்க எனக்கு வெகுகாலம் தெரியவில்லை. தெரிந்துகொண்டபோது ஒரு நல்ல அலமாரியைக் கலைத்து முடித்திருந்தேன்.

அது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருடைய அலமாரி. அவர் காலமாகி ஒரு வருடம் கழித்து அவர் மனைவி கூப்பிட்டு அனுப்பினார். "அவர் இருந்தவரைக்கும் யாரையும் தொட விடமாட்டார். எடைக்குப் போட மனசு வரலை தம்பி. படிக்கிறவங்க கையில சேத்துடுங்க" என்றார். சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

நடுத்தட்டில் இருந்தவை இவை: கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை வாரவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி போட்டுத் தைத்த கட்டுகள். நீலகண்ட சாஸ்திரியின் ஆங்கிலச் சோழர் வரலாறு, 1955 திருத்திய பதிப்பு. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம் மூன்று பகுதிகளும். சிவராமமூர்த்தி தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளைப் பற்றி எழுதிய படநூல். ஹூல்ஷ் பதிப்பித்த தஞ்சைக் கோயில் கல்வெட்டுத் தொகுதி ஒன்று.

கடைக்காரன் கண்ணுக்கு இவை நாவல், வரலாறு, கலை, ஆராய்ச்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு, ஒரு வகை வாடிக்கையாளர். மணியம் ஓவியங்களுக்காகவே தொடர்கதைக் கட்டுகளைத் தேடும் ஒருவர் சென்னையிலிருந்து வந்து வாங்கிப் போனார். சாஸ்திரியார் புத்தகம் ஒரு கல்லூரி ஆசிரியருக்குப் போனது. செப்புத் திருமேனிகள் நூலை வரவேற்பறை அலங்காரத்துக்குப் புத்தகம் கேட்டவரிடம் கொடுத்தேன். கல்வெட்டுத் தொகுதியும் எப்படியோ போய்விட்டது. ஒரே வாரத்தில் நல்ல வரவு. பண்டாரத்தார் மட்டும் முதுகு பிய்ந்திருந்ததால் மிஞ்சினார்.

ஒரு மழை நாளில் ஆள் வரத்து இல்லாதபோது அதன் முதல் பகுதியை எடுத்துத் தையலைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். ஓரமெல்லாம் பென்சிலில் பொடிக் குறிகள். 'க', 'சா', 'செ', 'கல்' என்று ஓர் எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும். கணக்கு வாத்தியார் ஏதோ கணக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய பக்கத்தில் குறிகள் நெருங்கி நின்றன. அங்கேதான் புரிந்தது. க என்றால் கல்கி. சா என்றால் சாஸ்திரியார். எண், அந்தந்தப் புத்தகத்தின் பக்கம்.

அந்தக் கொலை நாவலில் யார் செய்தது என்று முடியாமலே நிற்கும். கொலைச் சதியில் வரும் ரவிதாசன், சோமன் என்ற பெயர்களைக் கல்கி கற்பனை செய்யவில்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. துரோகிகள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரின் நிலங்களைப் பற்றிப் பேசும் கல்வெட்டு அது. ஏவியவர் யார் என்று அது சொல்லாது. நீலகண்ட சாஸ்திரி சந்தேகத்தை அடுத்து அரசனான உத்தம சோழன் பக்கம் திருப்பினார். பண்டாரத்தார் அதை ஏற்காமல் மறுத்தார். இவர் கும்பகோணம் பாணாதுரை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். சாஸ்திரியார் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர். இருவரும் வாதாடியதையும் கதை விட்ட இடத்தையும் வாத்தியார் தன் நடுத்தட்டில் பக்கம் பக்கமாக நிறுத்தி வைத்திருந்திருக்கிறார். நடுவே 'செ' குறி வரும் இடங்களில், திருவெண்காட்டு ரிஷபவாகனர் போன்ற சிலைகளில் அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒரு நாவலில் தொடங்கிய கேள்வியை அத்தனை புத்தகங்களிலும் துரத்திப் போயிருக்கிறார். வகை பிரித்த அன்று நான் அறுத்தது அந்த நூலைத்தான்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் ஒரு மணி நேரம் எதையும் எடுப்பதில்லை. எது எதன் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்கிறேன். ஓரக் குறிப்பு, பஸ் டிக்கெட், செருகிய நாளிதழ்த் துண்டு எதையும் உதறிப் போடுவதில்லை. சேர்ந்து நிற்க வேண்டியவற்றைச் சணல் கயிற்றால் கட்டி ஒரே விலை சொல்கிறேன். தனியாகக் கேட்பவர்கள் கோபித்துக்கொண்டு போவதுண்டு. கடை வாடகை நெருங்கும் மாதங்களில் அந்தக் கட்டை அவிழ்க்கலாமா என்று கை போகும். அவிழ்த்ததில்லை.

வாத்தியாரின் தட்டையும் மறுபடி சேர்க்கப் பார்க்கிறேன். எண்கள் பொருந்த வேண்டுமே, அதனால் அதே பதிப்புகளாகத் தேடுகிறேன். 1955 பதிப்பு ஒன்று நாலு வருடம் கழித்துத் திருச்சியில் கிடைத்தது. குறிகளை வைத்துப் புரட்டினேன்; ஒவ்வொன்றும் சரியான இடத்தில் போய் நின்றது. செப்புத் திருமேனிகளும் கிடைத்துவிட்டது, படத்தாள் மூன்று குறைவாக.

'க' மட்டும் வழியில்லாமல் நிற்கிறது. பத்திரிகையிலிருந்து கிழித்த தாள்களுக்கு அவரே கையால் எண் போட்டிருந்தார். அந்த எண்கள் உலகத்தில் அந்தக் கட்டுகளில் மட்டும்தான் இருக்கின்றன. வாங்கியவரின் பழைய தொலைபேசி எண்ணை இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள். சென்னை போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் கரும்பச்சைக் காலிகோ முதுகு தென்பட்டால் எடுத்து, முதல் பக்கத்தின் மேல் மூலையைப் பார்க்கிறேன்.