தண்ணீருக்கு ஒரு மணி

கோயமுத்தூரில் ரயில் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் திருச்சூர். ஷொறணூரைத் தாண்டிப் பாரதப்புழையைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன். 2024 பிப்ரவரிக் கடைசி. ஆறு முழுக்க மணல். ஓரத்தில் நூல் மாதிரி கொஞ்சம் நீர். அந்த வெயிலில் வடக்குந்நாதரைத் தரிசிக்க மட்டும் நான் போகவில்லை. என் நாத்தனார் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். "அண்ணி, இங்கே தண்ணி குடிக்கிறதுக்குன்னே மணி அடிக்கிறாங்க. வந்து பாருங்களேன்" என்று எழுதியிருந்தாள்.

கேரளத்தில் சில பள்ளிகள் 2019-லேயே ஆரம்பித்த வழக்கம் இது. அந்த 2024 பிப்ரவரியில் வெயில் தாங்காமல் போகவே, மாநிலம் முழுவதற்கும் அரசு சொல்லிவிட்டது: காலை 10.30-க்கு ஒரு மணி, பிற்பகல் 2.30-க்கு ஒரு மணி, ஐந்தைந்து நிமிஷம்.

தலைமையாசிரியையின் அனுமதியுடன் மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மணி அடித்ததும் பென்சில்கள் கீழே போயின, மூடிகள் திறந்தன. பாதிப் பாட்டில்களில் இளஞ்சிவப்புத் தண்ணீர்! பதிமுகம் என்ற மரத்தின் உள்கட்டைச் சீவல்களைப் போட்டுக் கொதிக்க வைத்ததாம். சிலர் வீட்டில் சீரகத் தண்ணீர். பச்சைத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுத்தனுப்ப அந்த ஊர்த் தாய்மார்களுக்கு மனசே வராது. டீச்சரும் மேஜை மேலிருந்த தன் பாட்டிலை எடுத்துக் குடித்துக்கொண்டே, "வெள்ளம் குடிச்சோ?" என்று கேட்டாள். நமக்கு வெள்ளம் என்றால் ஊரையே அடித்துக்கொண்டு போவது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதற்கு ஒரு மணி வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். சாயங்காலம் உங்கள் குழந்தையின் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே கனக்கிறதா? விளையாட்டு மும்முரத்தில் குழந்தைக்குத் தாகம் நினைவுக்கு வராது. பாடத்தின் நடுவே எழுந்து கேட்க வெட்கம். எல்லோரும் சேர்ந்து குடிக்கும்போது கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் போதாவிட்டால் தலைவலி, சோர்வு, மலச்சிக்கல் எல்லாம் வரும். 'பாடத்திலே கவனமில்லை' என்று நாம் திட்டுகிற பிள்ளை, சில நாள் வெறுமே தாகத்தோடு இருந்திருக்கலாம்.

ஆனால் என் மனசில் நின்றது நாத்தனார் அன்று ராத்திரி சொன்ன விஷயம். "மணி அடிக்க ஆரம்பிச்ச புதுசிலே ஒரு பொண்ணு பாட்டிலை வாயிலே வெச்சு வெச்சு எடுப்பா, அண்ணி. தண்ணி குறையவே குறையாது. தனியாக் கூப்பிட்டுக் கேட்டா, பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லே, அதனாலே குடிக்கிறதில்லேன்னு சொல்றா."

எட்டு வயசு! காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். பெண் குழந்தைகளுக்கு மூத்திரப் பாதை சிறியது. கிருமி சுலபமாக ஏறிவிடும். குடிக்காமலும் போகாமலும் இருந்தால் மூத்திர எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று அடுக்காக வரும். மூத்திரம் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதுமானது; அடர்ந்த மஞ்சளாக இருந்தால் குறைவு. இதைக் குழந்தைக்கே சொல்லிக் கொடுத்துவிடலாம். எரிச்சலோ காய்ச்சலோ கண்டால் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் 2025-ல் இந்தத் தண்ணீர் மணி வந்துவிட்டது. ரொம்ப நல்லது. மணியோடு தாழ்ப்பாளும் வாளித் தண்ணீரும் வந்தனவா என்று பார்க்க வேண்டியது நாம்தான். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோமே!

திருச்சூரில் அந்தப் பள்ளியின் தாய்மார் சங்கம் அடுத்த கூட்டத்திலேயே விஷயத்தை எடுத்தது. ஒரு தாயின் கணவர் தச்சராம். ஞாயிற்றுக்கிழமை வந்து நான்கு கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். அதுவும் குழந்தைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில்.