காரு கிள்ளுது!

"டேய், இந்தக் காரு என்னைக் கிள்ளுதுடா!" என்றார் என் தாயார்.

அவருக்கு எண்பத்தாறு வயது. முதல் நாள் இரவு கொட்டிய மழையில் முற்றம் ஈரமாய்க் கிடந்தது. வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போக வெறுங்காலுடன் இறங்கி வந்து கார்க் கதவில் கை வைத்தவர், வெடுக்கென்று கையை உதறிக்கொண்டு நின்றார். "வயசாச்சும்மா, நரம்புத் தளர்ச்சியா இருக்கும்" என்றேன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒயர்மேன் வேலை பார்த்தவன் சொல்கிற பேச்சா அது? இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஈப்போ புந்தோங்கில் குடியிருக்கிறேன். தாயார் மட்டும் சுங்கை சிப்புட் பக்கத்து வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். ரப்பர் தோட்டமாக இருந்து செம்பனையாகிப் போன இடத்தின் ஓரத்தில், தகப்பனார் வாங்கிப் போட்ட இரண்டு ஏக்கர் அது. நிலத்தின் மறுகோடியை ஒட்டி மாரியம்மன் கோயில். முழங்கால் வலியால் அந்தத் தூரத்தையும் பாட்டியால் நடக்க முடியவில்லை என்று பார்த்த என் தங்கை மகன், "மாமா, நான் ஒரு வண்டி செய்து தருகிறேன்" என்று ஒரு பழைய கஞ்சில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பெரோடுவா 1994இல் வெளியிட்ட அதே குட்டிக் கார்தான். எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்தான். இப்படி மாற்றிய காரைச் சாலையில் ஓட்ட ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும். எங்களிடம் அது கிடையாது. ஆகவே எங்கள் நிலத்துக்குள்தான் ஓட்டம்.

மின்சாரக் கார் இப்போது புதுமையல்ல. 2001இலேயே பெங்களூரில் 'ரேவா' என்ற சின்னக் கார் விற்பனைக்கு வந்துவிட்டது. வீட்டுப் பிளக்கில் செருகினால் போதும். நம் தஞ்சோங் மாலிமில் தொழிற்சாலை வைத்திருக்கும் புரோட்டானும் 2024 டிசம்பரில் தன் முதல் மின்சாரக் காரை வெளியிட்டது. இவை எல்லாவற்றின் வயிற்றிலும் ஒரு பெட்டி இருக்கிறது. அதுதான் சார்ஜர். சுவரிலிருந்து வருவது போய்ப்போய்த் திரும்பும் 230 வோல்ட் மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அதை மாற்றி, அளந்து, பேட்டரி நிறைந்ததும் நிறுத்துவது அந்தப் பெட்டியின் வேலை.

எங்கள் காரில் 24 லித்தியம் செல்கள். நிறைந்தால் 87.6 வோல்ட். அந்த அளவுக்கென்றே செய்த சார்ஜரை வாங்கினோம். பழைய ஈய பேட்டரி சார்ஜர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். லித்தியத்துக்கு அளவு மீறி ஊட்டினால் தீப்பிடிப்பதும் உண்டு.

சார்ஜரைப் பொருத்தும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பையன் முதலில் மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றி வைத்தான். ஸ்பேனர் பிடியில் ரப்பர் டேப் சுற்றினான். 87 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். பேட்டரியின் இரண்டு முனையிலும் ஸ்பேனர் பட்டுவிட்டால் இரும்பே உருகித் தெறிக்கும். ஸ்பேர் டயர் இருந்த இடத்தில், அதிர்ச்சி தாங்க ரப்பர் வைத்து, காற்று போக நாலு பக்கமும் இடம் விட்டு, பெட்டியை முடுக்கினான். பேட்டரியை ஒட்டினாற்போல் ஒரு பியூஸ் போட்டான். பிளக் செருகியிருக்கும்போது கார் நகரக்கூடாது என்று அதற்கும் ஒரு ரிலே வைத்தான். எலி கடிக்காமல் ஒயர்களைக் குழாய்க்குள் விட்டான். சார்ஜரின் உடம்பிலிருந்து பச்சை மஞ்சள் எர்த் கம்பியைக் கார் இரும்பில் இணைத்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறை காரில் இல்லை, சுவரில் இருந்தது.

தோட்டத்து வாசகர்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் லயத்துக்கு வெளிச்சம் எப்படி வந்தது என்று. எங்கள் தோட்டத்தில் பொழுது சாய்ந்தால் எஞ்சின் போடுவார்கள், இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். செண்டரோ அணை 1930இலேயே கட்டி முடிந்து, கிந்தாவின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்த மாநிலம் இது! எங்கள் வீட்டுக்கு 1983இல்தான் இணைப்பு கிடைத்தது. அப்போது நான் இளவட்டம், ஒயர்மேன் வேலை பழகிக்கொண்டிருந்தேன். தகப்பனார் வாசலில் உட்கார்ந்து ரேடியோ கேட்க ஆசைப்பட்டார். வீட்டுக்குள்ளிருந்து இரண்டு கம்பி ஒயரை இழுத்து, வாசல் சுவரில் மூன்று ஓட்டை பிளக் ஒன்றை மாட்டினேன். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. 'ரேடியோவுக்குத்தானே, எர்த் எதற்கு' என்று விட்டேன். பிறகு நூறு பேர் வீட்டுக்கு ஒழுங்காக எர்த் போட்டுக் கொடுத்தேன். என் தாயார் வீட்டு வாசலை மறந்தேபோனேன்.

பையன் அந்தப் பிளக்கில்தான் காரைச் செருகியிருந்தான்.

தாயார் சொன்ன பிறகு, மனம் கேட்காமல் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். கதவோரம் பெயின்ட் உரிந்த இடத்துக்கும் ஈரத் தரைக்கும் இடையே நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது! சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்ன மின்தேக்கிகள் உண்டு. அவற்றின் வழியே துளி மின்சாரம் எப்போதும் பெட்டியின் உடம்புக்குக் கசியும். எர்த் கம்பி இருந்தால் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால், கார் நாலு ரப்பர் டயரில் நிற்கிறது, போக வழி ஏது? வெறுங்காலோடு தொட்டவர்தான் வழி. அந்தக் கசிவு கிள்ளுவதோடு சரி. ஆனால் என்றாவது உள்ளே ஒரு ஒயர் தேய்ந்து 230 வோல்ட் முழுதும் இரும்பில் இறங்கியிருந்தால்? அன்றும் தொடுகிறவர் என் தாயார்தானே!

பிளக்கைப் பிடுங்கினேன். அது வேறு கொதித்தது. சார்ஜர் எட்டு ஆம்பியர் இழுக்கிறது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓயாமல். ரேடியோவுக்குப் போட்ட நூல் ஒயர் அதை எப்படித் தாங்கும்? பிளக்கின் ஓரம் பழுத்த வாழைத்தோல் நிறமாகியிருந்தது.

"மாமா, பிளக்கை நான் திறந்து பார்த்திருக்கணும்" என்றான் பையன். "உன் தப்பு இல்லைப்பா" என்றேன். வேறென்ன சொல்ல?

என் லைசென்ஸ் காலாவதியாகி விட்டது. ஆகையால் பதிவு பெற்ற குத்தகையாளர் ஒருவரை ஈப்போவிலிருந்து வரவழைத்தேன். மீட்டர் பெட்டியிலிருந்து காருக்கென்றே தனி லைன். தடித்த கேபிள், 20 ஆம்பியர் பிரேக்கர், மழை புகாத நீல நிறத் தொழிற்சாலை சாக்கெட். எல்லாவற்றுக்கும் மேலாக, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. கூரைத் தண்ணீர் விழும் பக்கமாகப் புதிய எர்த் கம்பியை மண்ணில் அடித்து அளந்தார்கள். பத்து ஓமுக்குக் கீழே வந்தது. வந்தவர் பழைய வாசல் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "யாரய்யா இந்த வேலையைச் செய்தது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை, நல்ல மனிதர்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இப்படி ஒரு வண்டி வாங்கக்கூடும். ஸ்கூட்டராகவே இருக்கட்டும், சுருட்டிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் சார்ஜ் போடவேண்டாம், சுருளுக்குள் சூடு ஏறும். மழையில் சாக்குப் போட்டு மூடுகிறேன் என்று சார்ஜரின் மூச்சை அடைக்கவேண்டாம். இடி மின்னல் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மாதம் ஒரு முறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். 'டக்' என்று விழவேண்டும். விழவில்லையென்றால் ஆள் கூப்பிடுங்கள். பிளக்கின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்று தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள், அதைப் போட்டவர் உங்கள் மாமனாகவே இருந்தாலும்.

தாயார் இப்போது வெள்ளிதோறும் காரில் கோயிலுக்குப் போகிறார். ஏறுமுன் புறங்கையால் கதவை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் விடவில்லை. எர்த் கம்பி அடித்த இடம் காயாமல் இருந்தால் நல்லது என்று குத்தகையாளர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அரிசி கழுவின தண்ணீர் தினமும் அங்கேதான் ஊற்றப்படுகிறது. போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன், பக்கத்திலேயே ஒரு துளசிச் செடி நட்டிருக்கிறார்.