சங்கத்து அச்சுப்பொறியும் அதன் நிழலும்

டிரைவர் என்றால் எஞ்சினை ஓட்டுபவர் என்பதே இரயில்வே குமாஸ்தாவாகிய நமக்குத் தெரிந்த பொருள். இப்பொழுது அவரையும் லோகோ பைலட் என்றே அழைக்கிறார்கள். கணிப்பொறிக்குள்ளும் டிரைவர் என்று ஒன்று உண்டு என்பதையும், அது இல்லாத கருவியை இருப்பதாகக் காட்டி நம்மை அலைக்கழிக்க வல்லது என்பதையும், மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட நாம் சென்ற மழைக்காலத்தில்தான் கற்றோம். கற்ற விதம் நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் வீட்டில் கணிப்பொறி வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்று எழுதுகிறோம்.

கொல்லங்கோட்டில் நமது சங்கத்து அறையில் ஒரு கணிப்பொறியும் சிறு அச்சுப்பொறியும் உள்ளன. பிழைப்பை நாடித் தென்மலை அடிவாரத்திற்கு வந்து சேர்ந்த நம்மவர் குடும்பங்களுக்கு விண்ணப்பம், சான்றிதழ் முதலியவற்றை அச்சிட்டுத் தருவதற்கு அவையே துணை. ஒரு ஞாயிறு மாலை, தையல் தொழிலால் வாழும் சகோதரி ஒருவர் தம் மகளுடன் வந்தார். மறுநாள் காலை அப்பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் தேர்வு. நுழைவுச் சீட்டு அச்சிட்டாக வேண்டும். கட்டளை கொடுத்தோம். பொறி அசையவில்லை. மீண்டும் கொடுத்தோம். இவ்வாறு ஒன்பது முறை.

பட்டியலைத் திறந்து பார்த்தால், இருக்கும் அச்சுப்பொறி ஒன்றே ஆயினும் இரண்டு காணப்பட்டன. ஒன்று வழக்கமான பெயருடன் மங்கிய உருவில், 'ஆஃப்லைன்' என்ற குறிப்போடு நின்றது. மற்றொன்றின் பெயருக்குப் பின்னால் 'காப்பி 1' என்றிருந்தது. அழையாமல் வந்த விருந்தாளி இந்தக் காப்பிதான் என்று தீர்மானித்து அதை நீக்கினோம். கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கியதும் அது அப்படியே வந்து நின்றது. மறுபடி நீக்கினோம், மறுபடி வந்தது.

சினம் மிகுந்து, அறையைப் பார்த்துக்கொள்ளும் பதினேழு வயதுத் தம்பியை அழைத்தோம். "வேண்டாததையெல்லாம் ஏற்றி வைத்திருக்கிறாயே!" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்தோம். "நான் ஒன்றுமே தொடவில்லை, அண்ணா" என்றான். நாம் நம்பவில்லை. தாயும் மகளும் மழையில் நனைந்தபடி கடைத்தெருவுக்கு நடந்து, மூடவிருந்த கடை ஒன்றைத் திறக்கச் செய்து சீட்டைப் பெற்றார்கள். அத்தம்பி அதன்பின் நான்கு நாட்கள் அறைப்பக்கமே வரவில்லை.

ஐந்தாம் நாள் நாமே அறையைக் கூட்டினோம். மேசையை நகர்த்தியபோது அச்சுப்பொறியின் கம்பி கழன்றது. கைக்கெட்டிய துளை முன்புறத்தில் இருந்தது, அதில் செருகினோம். உடனே பொறி உயிர்பெற்றுக் கடகடவென்று தாள்களைத் துப்பத் தொடங்கியது. பார்த்தால், தேர்வெழுதி முடித்துவிட்ட அப்பெண்ணின் நுழைவுச் சீட்டு, ஒன்பது பிரதிகள்!

அப்பொழுதுதான் நினைவு வந்தது. முந்தைய வாரமும் கூட்டியது நாம்தான். முன்புறத் துளையிலிருந்த கம்பியைப் பின்புறத் துளைக்கு மாற்றியதும் நாம்தான். அடைபட்டிருந்த ஒன்பது தாள்களும் மங்கிக் கிடந்த பழைய பெயரின் வரிசையிலே காத்திருந்திருக்கின்றன. 'காப்பி 1' என்று நாம் விரட்டியதோ, அன்று உயிரோடிருந்த உண்மைப் பொறி!

இதன் காரணம் நம் தொழிலைக் கொண்டே எளிதில் விளங்கும். நமது சரக்கு வாகன் ஒவ்வொன்றுக்கும் 11 இலக்க எண் உண்டு. எந்தப் பாதையில் நின்றாலும் இன்ன வாகன் என்று அறிகிறோம். எண்ணில்லாத வாகன் ஒன்று வந்தால், 'மூன்றாம் பாதையில் நிற்பது' என்றுதானே எழுத முடியும்? அதை நான்காம் பாதைக்குத் தள்ளினால் விவரமறியாத குமாஸ்தா புதிய வாகன் என்று மற்றொரு வரி எழுதுவார். தனக்கென வரிசை எண் சொல்லாத யூ.எஸ்.பி. கருவிகளை விண்டோஸ் இவ்வாறே, செருகிய துளையைக் கொண்டு அடையாளம் காண்கிறது. துளை மாறினால் புதுக்கருவி என்று கருதி டிரைவரை மறுபடி ஏற்றுகிறது. பழைய வரியை அடிப்பதில்லை. நமது பாதை 2008ஆம் ஆண்டில் மூடப்பட்டு, 2015ஆம் ஆண்டில் அகலப் பாதையாகத் திறக்கப்பட்ட பின்னும், மீட்டர் கேஜ் காலத்து நேரத்தைச் சொல்லி வண்டி கேட்ட முதியவர்கள் உண்டு. கணிப்பொறியின் நினைவும் அத்தகையதே.

ஆகவே அன்பர்கள் எதையும் நீக்குமுன், எது மங்கியிருக்கிறது, எது உயிரோடிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பிக்கு ஒரே துளையை நிலையாக வைத்து, அதற்குரிய பெயரை முதன்மைப் பொறியாகக் குறித்து, மற்றதை நீக்கினால் பெரும்பாலும் போதும். டிவைஸ் மேனேஜரில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தால், கழற்றப்பட்ட பழைய கருவிகளும் மங்கலாகத் தோன்றும், அங்கும் நீக்கலாம்.

சித்தூரில் நண்பர் ஒருவர் வீட்டில் இது போதவில்லை. பழைய இரும்புக்காரரிடம் என்றோ போட்டுவிட்ட அச்சுப்பொறி, பட்டியலில் மட்டும் நீங்காமல் நின்றது. பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் டிரைவரையும் அதன் மூலக்கட்டையும் சேர்த்து நீக்க முயன்றால், 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுத்தது. தாள்களை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் என்னும் பகுதியை நிறுத்தி, மீண்டும் இயக்கிய கையோடு முயன்ற பின்னரே அகன்றது.

இவ்வகைக் குழப்பம் நம்மைப் போன்றவர்க்கு மட்டும் உரியதன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பரில், வேறு நிறுவனத்தார் செய்த அச்சுப்பொறிகளும் பல கணிப்பொறிகளில் 'ஹெச்பி லேசர்ஜெட் எம்101-எம்106' என்று பெயர் மாறிக் காட்சியளித்ததை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அதைச் சீர்செய்ய ஒரு கருவி வெளியிட்டது.

நிற்க. அன்று மாலையே தம்பியின் வீட்டுக்குச் சென்றோம். அவன் தாயார் காப்பி கொடுத்தார். அவர் முன்னிலையிலேயே நடந்ததைச் சொல்லி, பிழை நம்முடையது என்றோம். அவன் சற்று நேரம் பேசாமலிருந்து, "முன்புறத் துளையின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடலாமா, அண்ணா?" என்று கேட்டான். மறுநாள் ஒட்டினான், 'கம்பியை மாற்றற்க' என்று சிவப்பு மையில், நம் பக்கம் பார்த்தவாறு.

ஒன்பது நுழைவுச் சீட்டுகளையும் அந்தச் சகோதரியிடம் சேர்த்தோம். பின்பக்கத்தில் இரவிக்கை அளவுகளைக் குறித்துக்கொண்டிருக்கிறார்.