மாடக்குளக்கீழ் மதுரையில் ஓர் ஐப்பசி நாள்

ஐப்பசி பிறந்துவிட்டால் மதுரைக்கு வேறொரு முகம் வந்துவிடுகிறது. கோடையில் அனலாய்க் கொதித்த தெருக்கள் ஈரம் பட்டுக் குளிர்கின்றன. கோபுரங்களின் தூசு கழுவப்பட்டுச் சுதைச் சிற்பங்களின் வண்ணம் புதிதாய்த் தெரிகிறது. உறவினர்கள் பெரும்பாலும் சித்திரையிலேயே மதுரையைக் காண வருகிறார்கள். என்னைக் கேட்டால், ஐப்பசியில் வாருங்கள், குடையோடு வாருங்கள் என்பேன்.

நகரின் மேற்கே, வைகையின் தென்கரையில் உள்ளது கோச்சடை. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் கோச்சடையன் ரணதீரனை நினைவூட்டும் பெயர். அதற்குத் தெற்கே மாடக்குளம் கண்மாய் விரிந்து கிடக்கிறது. வைகை நீரைக் கால்வாய் வழியே பெறும் பழம்பெரும் கண்மாய் அது. பாண்டியர் கல்வெட்டுகள் தலைநகரையே ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று குறிக்கின்றன. குளத்தைச் சொல்லி, அதன் கீழுள்ள ஊர் என்று மாநகருக்கு அடையாளம் காட்டியிருக்கிறார்கள்! இந்த ஒரு சொல்லை மனத்தில் இருத்திக்கொண்டு சென்றால் மதுரை நமக்கு வேறு விதமாகப் புலப்படும்.

ஒரு ஞாயிறன்று குழந்தைகளோடும் அப்பத்தாவோடும் கோச்சடையிலிருந்து நகரப் பேருந்தில் புறப்பட்டோம். கீழவெளி வீதியில் வியாகுல அன்னை பேராலயத்தில் திருப்பலி கண்டபின், அருகிலிருந்த சிறு கடையில் ஆவி பறக்கும் இட்லி. இலையில் நான்கு வகைச் சட்டினி வைத்தார்கள். ஐந்தாவதாகச் சாம்பாரையும் ஊற்றியபோது இளையவன் எதைத் தொடுவது என்று திகைத்துப்போனான்.

மதுரைத் தெருக்களின் பெயர்களே குழந்தைகளுக்கு ஒரு பாடம். கோவிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று விழா மாதங்களின் பெயரால் வீதிகள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. ஐப்பசிக்கு ஒரு வீதி இல்லை. மழை மாதம் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ! வெளி வீதிகள் பழைய கோட்டைச் சுவரின் எல்லையில் அமைந்தவை. 19ஆம் நூற்றாண்டில் கோட்டையை இடித்து நகரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்டதே விளக்குத்தூண். மேலமாசி வீதியில், 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் அரையாடை பூண்ட வீடு இருக்கிறது. அவருடைய குருதி தோய்ந்த ஆடையைக் காண விழைவோர் தமுக்கம் அருகே, 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். எங்களுக்கு அன்று நேரமில்லை.

திருமலை நாயக்கர் மகாலில் மட்டும் நெடுநேரம் நின்றோம். 1636இல் எழுந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. மன்னரின் பேரன் சொக்கநாதர் பலவற்றைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுசென்றார் என்பர். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு சீரமைத்திராவிடில் இதுவும் நமக்குக் கிட்டியிராது. இது எழுந்த காலத்தில் மதுரையில் மறைப்பணி ஆற்றியவர், 1606இல் இங்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி. அவர் நாளுக்கு ஒரே வேளை, புலால் நீக்கிய எளிய உணவையே உண்டார். இதைச் சொல்லி முடிக்குமுன் மூத்தவள் மதியச் சாப்பாடு எப்போது என்று கேட்டுவிட்டாள்.

வாழையிலையில் ஆட்டுக்கறிக் குழம்புடன் அந்த வேளையும் முடிந்தது. விளக்குத்தூண் அருகே தூறல் தொடங்கிற்று. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரிச் சாறு, மேலே பனிக்கூழ் என்று சேரும் ஜிகர்தண்டா கோடைக்கு உரியது. ஆயினும் அப்பத்தா, “மழை பேஞ்சா என்னப்பா, எனக்கொரு கிளாசு வாங்கு” என்றார்கள். யார் மறுப்பது?

மாலையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்று வழிவழியாகச் சொல்வர், 1645இல் அமைந்தது. ஏறத்தாழ 1000 அடி நீளம், 950 அடி அகலம். நடுவே மைய மண்டபம். கட்டடம் எழுப்பத் தோண்டிய குழியைக்கூட வீணாக்காமல் நீருக்கு இடமாக்கிய அறிவை என்னவென்பது! ஆயினும் நம் காலத்தில் அது பல ஆண்டுகள் வறண்டு, சிறுவர் கிரிக்கெட் ஆடும் திடலாய்க் கிடந்தது. அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரைக் கொணர்ந்த பின்னரே மீண்டும் நிரம்பிற்று, படகும் விடலாயினர்.

இந்த நற்காரியத்துக்கு மறுபக்கமும் உண்டு. வடகரையில் உலகனேரி என்னும் பெயரில் ஏரி இருக்கிறது. அங்கே 2004 முதல் நிற்பது உயர்நீதிமன்றக் கிளை. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் பிற்பகல் கொட்டிய பெருமழையில் செல்லூர் முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. தன் பழைய வழியை நீர் மறப்பதில்லை. கண்மாய்க்குச் செல்லும் வாய்க்கால் எது என்று நாம்தான் மறந்துவிட்டோம். எங்கள் தெருவிலேயே கேட்டுப் பார்த்தேன்; முதியவர் இருவரே காட்ட முடிந்தது.

தெப்பக்குளக் கரையில் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தார்கள். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சியது. மழை நாளுக்கென்றே பிறந்த பானம். அப்பத்தா தம் குவளையை இரு கைகளாலும் பற்றிக் குளிர் காய்ந்தவாறே, கால்வாய் நீர் எந்தப் பக்கமிருந்து குளத்துக்குள் வருகிறது என்று கடைக்காரரைக் கேட்டார்கள். அவர் கரண்டியை நீட்டித் திசை காட்டினார். குழந்தைகள் அதைப் பார்க்க ஓடினார்கள்.