இன்னொருவருக்கான மூச்சு

கடலடியிற் சென்று மீளும் சுழியோடி முதுகிற் சுமப்பது காற்றடைத்த உருளை. வாயிற் கவ்வியிருப்பது சுவாச ஒழுங்காக்கி. பயிற்சி பெறுவோர் அதனை ‘றெகுலேற்றர்’ என்பர். உருளையினுள் ஏறத்தாழ 200 வளிமண்டல அமுக்கத்தில் நெருக்கி வைத்த காற்றை மனிதனுடைய மார்பு தாங்காது. எனவே, உருளையின் கழுத்திற் பூட்டப்படும் முதற்பகுதி, சுற்றியுள்ள நீரின் அமுக்கத்திலும் ஒன்பது பத்து வளிமண்டலம் மாத்திரமே கூடியிருக்குமாறு அதனை இறக்கிவிடுகிறது. வாயருகேயுள்ள இரண்டாம் பகுதியில் ஒரு மென்றகடும் ஒரு சிறு நெம்பும் உள. மூச்சை இழுத்தவுடன் மென்றகடு உட்குழியும், நெம்பு சாயும், வால்வு திறக்கும், வேண்டிய காற்று வந்து சேரும். 1943ஆம் ஆண்டிற் பிரான்சில் எமில் கஞ்ஞான் என்னும் பொறியியலாளரும் கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோவும் இவ்வகைக் கருவியை உருவாக்கினர். ஓர் இந்துக் கல்லூரியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கும் எனக்கு, போயிலின் விதியை விளக்க இதனிலும் நல்ல உதாரணம் இன்னும் அகப்படவில்லை.

என் தமக்கையாரின் மகன் நிலாவெளிக் கரையில் ‘டைவ் மாஸ்ரர்’ பயிற்சி பெறுகிறான். பிறரைக் கடலடிக்கு அழைத்துச் சென்று, பத்திரமாகக் கரை சேர்க்கும் வழிகாட்டிக்கே அப்பெயர். அதுவரை இரவற் கருவிகளோடு மூழ்கியவன் சொந்தமாக வாங்க விரும்பினான். தமக்கையார் பணத்தையும் கவலையையும் என்னிடம் ஒப்படைத்தார். பணம் கொஞ்சம், கவலை நிறைய.

முதன்மைக் கருவியைத் தெரிவதில் எங்களுக்குள் வாதமில்லை. வாதம் எழுந்தது உபரிக் கருவியைப் பற்றியே. ஒரே முதற்பகுதியிலிருந்து இன்னுமொரு குழாய் புறப்பட்டு, அதன் நுனியில் இன்னுமோர் இரண்டாம் பகுதி தொங்கும். குழாய்கள் பல திசைக்கும் நீள்வதாற் போலும், அதனை ‘ஒக்ரோபஸ்’ என்று அழைக்கிறார்கள்.

“மாமா, அதை நான் ஒருநாளும் வாயில் வைக்கப்போவதில்லை. பழையதொன்று மலிவாக வருகிறது. சும்மா தொங்கத்தானே போகிறது?” என்றான்.

“அப்படியானால் வாயில் வைக்கப்போகிறவர் யார், தம்பி?”

“காற்று முடிந்தவர்.”

“அவர் அந்நேரம் எப்படியிருப்பார்?”

சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “பயந்துபோயிருப்பார்” என்றான்.

வாதத்தின் முடிச்சு அங்கேதான் இருந்தது. முதன்மைக் கருவியைப் பாவிப்பவன் பயிற்சியுடையவன். அதன் குணமும் குற்றமும் அறிந்தவன். உபரிக் கருவியோ, அதனை முன்பின் அறியாத ஒருவர், தம் வாழ்நாளின் மிகக் கெட்ட நிமிடத்திற் பறித்துக் கவ்வுவது. இரண்டில் ஒன்று தரம் குறையலாமென்றால், குறைய வேண்டியது உபரியன்று என்பதே என் கட்சி.

அவனைக் கடதாசியும் பேனையும் எடுக்கச் சொன்னேன். (ஆசிரியத் தொழிலின் பழக்கம், வீட்டிலும் விடாது.) பதினொரு லீற்றர் உருளையில் 50 வளிமண்டலக் காற்று எஞ்சியிருக்கிறது. மேற்பரப்பின் அளவிற் சொன்னால் அது 550 லீற்றர். அமைதியாயிருக்கும் வழிகாட்டிக்கு நிமிடமொன்றுக்கு 20 லீற்றர், அஞ்சியவருக்கு 40 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 20 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மும்மடங்கு. ஆகவே இருவருக்குமாக நிமிடத்துக்கு 180 லீற்றர் கரைகிறது. கைவசமுள்ளது மூன்று நிமிடம். நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாமல் ஏறவேண்டுமென்பது விதி. அதற்கே இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். ஏற ஏற அமுக்கம் குறைவதாற் கணக்குச் சற்று இளகும் என்பது உண்மை. ஆயினும் கருவியோடு மல்லாடுவதற்கு அங்கே நேரமில்லை. அத்துடன், மும்மடங்கு அடர்ந்த காற்று இழுபடுவதற்கும் பாரமானது. இருவர் ஒரே கணத்தில் இழுத்தாலும் முதற்பகுதி தளராமற் கொடுக்கவேண்டும். இதனைச் சோதித்துத் தேறிய கருவிகளுக்கு ஐரோப்பிய நியமத்தில் ‘ஈ.என். 250 ஏ’ என்ற குறியீடு உண்டு. அந்தக் கடைசி எழுத்தைத் தேடிப் பார்க்குமாறு சொன்னேன்.

மலிவாக வந்த பழைய கருவியையும் பார்த்தோம். றப்பர் வாய்ப்பிடியில் வெடிப்பு. வெளிமூச்சுப் போகும் மெல்லிய வால்வு விறைத்திருந்தது. அது சரியாக மூடாவிட்டாற் காற்றோடு உப்புநீரும் உள்ளே வரும். பயந்தவருக்கு ஒரு மிடறு உப்புநீர் போதும். வாயிலிருப்பதை உமிழ்ந்துவிட்டு மேலே பாய்வார். மூச்சை அடக்கிக்கொண்டு அவ்வாறு பாய்ந்தால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். பழையதைப் பற்றிய பேச்சு அத்துடன் நின்றது.

புதியவற்றிலும் பேதங்கள் உள. சாதாரண அமைப்பைத் தலைகீழாகக் கவ்வினால் வெளிமூச்சு வால்வு மேலே போய்விடும். உள்ளே புகுந்த நீர் வடியாது. எப்பக்கமாகக் கவ்வினாலும் மூச்சுத் தரும் அமைப்புக்களும் விற்கப்படுகின்றன. பதற்றத்தில் மேலெது கீழெது என்று யார் பார்ப்பார்? நான் அதன் பக்கமே சாய்ந்தேன். மிதவைச் சட்டையின் காற்றூதும் குழாயோடு உபரியை இணைத்துவிடும் முறையும் உண்டு. குழாயொன்று மிச்சம், ஆனால் அங்கே வழிகாட்டி தன் வாயிலுள்ளதைக் கொடுத்துவிட்டு, தான் அக்குட்டைக் குழாயிற் சுவாசிக்கவேண்டும். தேர்ந்தவர்களுக்கு அது நன்று. புதியவர்களை அழைத்துச் செல்பவனுக்கு, அவர்கள் பாடத்திற் படித்த மஞ்சள் நிறக் கருவி, படித்த இடத்திலேயே, நாடிக்கும் விலாவுக்கும் நடுவே, இருப்பதுதான் நன்று. குழாய் ஒரு மீற்றர் அளவில் இருந்தாற் கைக்கெட்டும்.

ஓரிடத்தில் மாத்திரம் அவன் சொன்னதே சரி. மிக இலகுவாக இழுபடும் கருவியைத் தேடினேன். “அது சும்மா தொங்கும்போது தானாகவே காற்றைக் கொட்டிவிடும், மாமா, தண்ணீரிற் குதித்தவுடன் பாருங்கள்” என்றான். மெய்தான். வாய் பொருந்தாத கருவியில் நீரின் அமுக்கமே மென்றகட்டை அழுத்திவிடக்கூடும். ஆதலால் உபரியைச் சற்றே இறுக்கமாகச் சரிசெய்வது வழக்கம். சற்றே என்பதுதான் கவனம்.

திருகோணமலைக் கடலுக்கு இக்கலை புதியதன்று. 1956ஆம் ஆண்டில் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன் சுவாமி மலையடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டார். அக்காலத்தில் வழக்கிலிருந்த கருவிகளில் உபரி வாய்ப்பகுதி கிடையாது. ஒருவருக்குக் காற்று முடிந்தால், இருவரும் ஒன்றையே மாறி மாறிக் கவ்வியவாறு மேலேற வேண்டும். அதற்கும் முந்திய முத்துக்குளிப்பில், கயிறு பிடிப்பதற்கு மைத்துனனையே படகில் வைப்பர் என்று சொல்வதுண்டு. தன் சகோதரி தாலியிழப்பதை எவனும் விரும்பான் அல்லவா?

முடிவில், முதன்மைக் கருவியைச் செய்த நிறுவனத்தின் உபரியையே வாங்கினோம். ஆண்டுதோறும் இரண்டையும் ஒருங்கே கழற்றிச் சுத்தஞ்செய்யவும், உதிரிப் பாகம் தேடவும் அதுவே வசதி. எதிர்பார்த்ததிலும் செலவு கூடிற்று. முகமூடி வாங்குவது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. நீர்மட்டத்தில் முதற் பத்து மூச்சையும் அவன் இப்போது மஞ்சட் கருவியிலேயே எடுக்கிறான். கரையேறியதும் நன்னீரிற் கழுவுகிறான்.

இவ்வளவையும் தமக்கையாருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “எல்லாம் சரி, என் பிள்ளைக்குக் காற்று முடிந்தால் யார் கொடுப்பார்?” என்றார். துணையின்றி மூழ்கலாகாது என்பது அவர்களின் விதி; துணைவனும் ஓர் உபரி கொண்டுசெல்வான்; படகிலேயே ஒருவர் கருவியை மற்றவர் சோதித்துப் பார்ப்பார் என்றேன்.

“அந்தப் பிள்ளை எந்த ஊர்?” என்று கேட்டார்.